திவால் நீதிமன்றத்தில் காகிதம் போடுவது: வாங்கிக்கொள்வார்கள், சிக்கலே அங்குதான்

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மைத்துனர் வக்கீல் வைக்காமல் தானே சாப்டர் 7 திவால் மனு (விலக்கில்லாத சொத்தை விற்றுக் கடனுக்குக் கொடுத்து, மீதிக் கடனிலிருந்து விடுவிப்புக் கேட்கும் வகை) போடப்போகிறார்; என்னென்ன விதிகள், ஏதாவது குறை இருந்தால் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

திருப்பி அனுப்பமாட்டார்கள். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கூட்டாட்சித் திவால் நடைமுறை விதிகளில் 5005ஆம் விதி இதைப் பற்றியது. வடிவம் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காகிதத்தை வாங்க மறுக்கக் கிளார்க்குக்கு அதிகாரம் இல்லை. பாதிப் பக்கம் காலியாக இருந்தாலும் முத்திரை குத்தி, தேதி போட்டு, வழக்கு எண் கொடுத்துவிடுவார்கள். "அப்பாடா, ஏற்றுக்கொண்டார்கள்" என்று வீட்டுக்கு வந்துவிடுவார் மனுதாரர். உண்மையில் அந்த நிமிடத்திலிருந்துதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. நான் வக்கீல் இல்லை. ஒரு திவால் வக்கீல் அலுவலகத்தில் இந்தக் காகிதங்களைத் தயார் செய்வது என் வேலை. அங்கே பார்த்தவரை, உருப்படியில்லாத வழக்கு என்பதால் தள்ளுபடி ஆனதைவிட, ஏதோ ஒரு தாள் ஏதோ ஒரு தேதிக்குள் போகாததால் தள்ளுபடி ஆனதுதான் அதிகம்.

விதிகள் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே திவால் சட்டம். அதற்குக் கீழே நாடு முழுவதற்கும் பொதுவான நடைமுறை விதிகள். அதற்கும் கீழே ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்துக்கும் சொந்தமான உள்ளூர் விதிகள். நாட்டில் 94 கூட்டாட்சி நீதித்துறை மாவட்டங்கள் இருக்கின்றன. கடன் கொடுத்தவர்களின் பட்டியலை எந்த வடிவில் தரவேண்டும், எத்தனை பிரதி, ஸ்டேப்ளர் அடிக்கலாமா, பணத்தை எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் அந்த மூன்றாவது அடுக்கில்தான் இருக்கும். வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர் "நான் இப்படித்தான் போட்டேன்" என்று சொன்னால், கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். கடந்த 180 நாளில் அதிக நாள் எந்த மாவட்டத்தில் குடியிருந்தாரோ, அந்த மாவட்ட நீதிமன்றத்தின் இணையதளத்தில் உள்ளூர் விதிகளைப் படிக்கச் சொல்லுங்கள். பொதுவாக அங்கேதான் மனுவும் போடவேண்டும்.

சரி, முதல் நாள் என்னென்ன வேண்டும்? 101ஆம் எண் படிவம்தான் மனு. 121ஆம் படிவத்தில் முழு சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கும். அது பொதுப் பார்வைக்குப் போகாது, மற்ற காகிதங்களோடு கலந்துவிடக் கூடாது. அப்புறம் கடன் கொடுத்தவர்கள் எல்லோருடைய பெயர், முகவரிப் பட்டியல். கட்டணம், அல்லது அதைத் தவணையில் கட்டுவதற்கான விண்ணப்பம். இதோடு கடன் ஆலோசனை வகுப்பு முடித்த சான்றிதழ். மனு போடும் நாளுக்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முடித்ததாக இருக்கவேண்டும். இந்தச் சான்றிதழ் விஷயத்தில் நீதிமன்றங்கள் பெரிதாக இரக்கம் காட்டுவதில்லை. மிக அவசரமான சூழலுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கவேண்டாம். போனிலோ இணையத்திலோ முடித்துவிடக்கூடிய வகுப்பு. மனு போடுவதற்கு முன்பே முடித்துவிடலாம்.

இவ்வளவை மட்டும் வைத்துப் போடும் மனுவை எங்கள் அலுவலகத்தில் "எலும்புக்கூடு மனு" என்போம். நாளைக் காலை வீடு ஏலத்துக்கு வருகிறது என்றால் இன்று மாலை இதைத்தான் போடுவார்கள். மனு பதிவான நொடியிலிருந்தே வசூல் நடவடிக்கைகளுக்குத் தானாகத் தடை வந்துவிடும், நீதிபதி கையெழுத்து எதுவும் தேவையில்லை. ஆனால் ஏலம் விடுகிறவருக்கு அது கனவிலா தெரியும்? வழக்கு எண்ணோடு அவருக்கு உடனே தகவல் சொல்வது மனுதாரர் பொறுப்பு.

கட்டணம் தற்போது சாப்டர் 7க்கு 338 டாலர், சாப்டர் 13க்கு (சில வருடம் தவணையாகக் கடனைக் கட்டும் வகை) 313 டாலர். தவணை கேட்டால் அதிகபட்சம் நான்கு, 120 நாளுக்குள் முடிக்கவேண்டும். வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டு அளவில் 150 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முழுத் தள்ளுபடி கேட்டு 103பி படிவம் போடலாம். இது சாப்டர் 7க்கு மட்டும்தான். திவால் மனு போடுகிறவரின் சொந்தக் காசோலையைப் பல நீதிமன்றங்கள் வாங்குவதில்லை. யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது.

மீதிக் காகிதங்களுக்கு மனு போட்ட நாளிலிருந்து 14 நாள். சொத்துப் பட்டியல், விலக்குக் கோரும் (கடனுக்காக எடுக்கக் கூடாது என்று கேட்கும்) சொத்துப் பட்டியல், அடமானக் கடன்கள், மற்றக் கடன்கள், ஒப்பந்தங்கள், கூட்டுக் கடன்தாரர்கள், வருமானம், செலவு என ஏ முதல் ஜே வரை பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றோடு நிதி நடவடிக்கை அறிக்கை, வருமான அளவைச் சோதிக்கும் படிவம், கடந்த 60 நாளில் வாங்கிய சம்பளச் சீட்டுகள் எல்லாம் சேரும். இவை வராவிட்டால் நீதிமன்றத்திலிருந்து குறைபாட்டு அறிவிப்பு ஒன்று தபாலில் வரும். அதைப் பிரித்துப் படிக்காமல் மேசையில் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 14 நாளில் போடமுடியாது என்று தெரிந்தால், அந்த 14 நாள் முடிவதற்குள் அவகாசம் கேட்டு மனு போடவேண்டும். ஆனால் 45 நாளுக்குள் இவற்றில் முக்கியமானவை வராவிட்டால், சட்டப்படி 46ஆம் நாள் வழக்கு தானாகத் தள்ளுபடி ஆகிறது.

தள்ளுபடி ஆனால் என்ன, மறுபடி போட்டுக்கொள்ளலாமே என்று நினைப்பார்கள். போடலாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் ஒரு வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால், அடுத்த வழக்கில் வசூல் தடை பொதுவாக 30 நாள்தான் நிற்கும். நீட்டிக்கவேண்டுமானால் தனியாக மனு போட்டு அந்த 30 நாளுக்குள்ளேயே விசாரணையும் முடியவேண்டும். இரண்டு வழக்குகள் தள்ளுபடி ஆகியிருந்தால் மூன்றாவதில் தடை தானாக வரவே வராது. மறந்துபோன ஒரு சம்பளச் சீட்டின் விலை கடைசியில் வீடாகக்கூட முடியலாம்.

நாள் கணக்கில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 9006ஆம் விதிப்படி, மனு போட்ட நாளைச் சேர்க்கக் கூடாது. அடுத்த நாளிலிருந்து சனி, ஞாயிறு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணவேண்டும். கடைசி நாள் மட்டும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். ஓர் உதாரணம்: 2026 மே 11, திங்கட்கிழமை மனு போட்டால் 14ஆவது நாள் மே 25. அன்று மெமோரியல் டே, விடுமுறை. ஆகவே மே 26 வரை நேரம் இருக்கிறது. அதே மனுவுக்கு 45ஆவது நாள் ஜூன் 25. இந்தத் தேதிகளை முதல் நாளே காலண்டரில் சிவப்பு மையில் எழுதிவிடவேண்டும்.

அந்தக் கடைசி நாளிலும் எத்தனை மணி வரை? மின்னணு முறையில் போடுகிறவருக்கு நீதிமன்றம் இருக்கும் ஊர் நேரப்படி நள்ளிரவு வரை. காகிதத்தில் போடுகிறவருக்குக் கிளார்க் அலுவலகம் மூடும் நேரம் வரைதான். தபாலில் அனுப்பினால் அனுப்பிய தேதி கணக்கில்லை. அலுவலகத்தின் கைக்கு வந்து சேர்ந்த நேரம்தான் தாக்கல் நேரம். "நான் மூன்று நாள் முன்னாடியே போஸ்ட் பண்ணிவிட்டேன்" என்பது அங்கே செல்லாது. தபாலில் அறிவிப்புப் பெற்றவர் பதில் சொல்ல மூன்று நாள் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு விதி இருப்பது உண்மைதான். ஆனால் அது அந்த மாதிரி அறிவிப்புகளுக்கு மட்டும். மேலே சொன்ன 14 நாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மின்னணுத் தாக்கல் முறை வக்கீல்களுக்கானது. பெரும்பாலான நீதிமன்றங்களில் அவர்களுக்கு அது கட்டாயம். தனியாக வருகிறவர், அந்த நீதிமன்றத்தின் உள்ளூர் விதியோ உத்தரவோ அனுமதித்தால் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். சில நீதிமன்றங்கள் வக்கீல் இல்லாதவர்களுக்காக இணையத்திலேயே கேள்வி கேட்டுப் படிவத்தை நிரப்பித் தரும் வசதி வைத்திருக்கின்றன. உங்கள் மைத்துனரின் மாவட்டத்தில் அது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே பயன்படுத்தச் சொல்வேன். எந்தப் படிவம் விட்டுப்போயிற்று என்ற குழப்பம் பாதி குறையும்.

கையெழுத்து. மின்னணுத் தாக்கலில் வக்கீல்கள் தட்டச்சு செய்த கையெழுத்தைப் போடுவதைப் பார்த்துவிட்டு, காகிதத்தில் போடுகிறவரும் பெயரைத் தட்டச்சு செய்துவிடுகிறார். கூடாது, அவர் பேனாவால்தான் போடவேண்டும்; கூடவே முகவரி, தொலைபேசி எண். கையெழுத்து இல்லாத காகிதத்தை, சுட்டிக்காட்டியதும் உடனே சரி செய்யாவிட்டால், 9011ஆம் விதிப்படி நீக்கிவிடுவார்கள். மனுவும் பட்டியல்களும் பொய் சொன்னால் தண்டனைக்கு உட்பட்டவன் என்ற உறுதிமொழியின் கீழ் போடப்படுபவை. ஆகவே படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடவேண்டும்.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு இதில் தனித் தலைவலி. அரசு அடையாள அட்டையில் இருப்பதுபோல்தான் மனுவில் பெயர் வரவேண்டும். கடந்த எட்டு வருடத்தில் பயன்படுத்திய மற்றப் பெயர்களையும் அதே படிவம் கேட்கும். அப்பா பெயர் ஒரு கார்டில் குடும்பப் பெயராக, இன்னொன்றில் இனிஷியலாக, வங்கியில் முன்னும் பின்னும் மாறி என்று மூன்று விதமாக இருந்தால் மூன்றையும் எழுதவேண்டும். இல்லாவிட்டால் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணினி, "இது நம்ம ஆள் இல்லை" என்று அறிவிப்பை ஒதுக்கிவிட்டு வசூலைத் தொடரும்.

சொத்துப் பட்டியலிலும் இதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும் எழுதவேண்டும். பிரிக்கப்படாத பூர்வீக வீட்டில் ஒரு பங்கு, இந்திய வங்கியில் ஒரு கணக்கு, லாக்கரில் நகை, எதுவும் விலக்கில்லை. நிதி நடவடிக்கை அறிக்கை, கடந்த இரண்டு வருடத்தில் ஒருவருக்கு மொத்தம் 600 டாலருக்கு மேல் கொடுத்த அன்பளிப்புகளைக் கேட்கும். அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பிய பணத்துக்கும் அங்கே பதில் சொல்லவேண்டியிருக்கும். ஒரு வருடத்துக்குள் உறவினருக்குத் திருப்பிக் கொடுத்த கடனுக்குத் தனிக் கேள்வியே உண்டு. இவற்றை எழுதினால் பெரும்பாலும் விளக்கம் கேட்பார்கள், அவ்வளவுதான். உறவினருக்குப் போன கடன் தொகையை டிரஸ்டி (வழக்கையும் அதிலுள்ள சொத்தையும் கவனிக்க நியமிக்கப்படுகிறவர்) திரும்பக் கேட்கும் வாய்ப்பும் இருக்கிறது. மறைத்துப் பிடிபட்டால் கடன் விடுவிப்பே போய்விடலாம்.

பொதுவில் போடும் காகிதங்களில் எதை மறைக்கவேண்டும் என்பது 9037ஆம் விதி. சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலும் வங்கிக் கணக்கு எண்ணிலும் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும். பிறந்த தேதியில் வருடம் மட்டும். குழந்தைகளின் பெயருக்குப் பதில் இனிஷியல். செலவுப் பட்டியலில் குழந்தைகளின் உறவும் வயதும் மட்டும் கேட்டு, பெயரை எழுதாதே என்று படிவமே சொல்லும். இவற்றைச் சரிபார்ப்பது கிளார்க்கின் வேலை இல்லை. நீங்கள் முழு எண்ணோடு போட்டால் அப்படியே டாக்கெட்டில் (வழக்கின் பொதுப் பதிவேட்டில்) ஏறி, கட்டணம் கட்டிப் பார்க்கும் யாருக்கும் தெரியும். சம்பளச் சீட்டுகளில்தான் இது அதிகம் நழுவுகிறது. அச்செடுத்த பிறகு கறுப்பு மார்க்கரால் அடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

எல்லாக் காகிதமும் நீதிமன்றத்துக்குப் போவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். கடைசி வருட வருமான வரிப் படிவம் டிரஸ்டிக்குப் போகவேண்டியது, கடன் கொடுத்தவர்கள் கூட்டத்துக்கு (டிரஸ்டி மனுதாரரைக் கேள்வி கேட்கும் கூட்டம்) ஏழு நாள் முன்பாவது. கவனக்குறைவாக அதை டாக்கெட்டில் போட்டுவிட்டால் குடும்பக் கணக்கு முழுவதும் ஊருக்குத் தெரியும். வங்கி அறிக்கைகளும் அப்படியே. சாப்டர் 7இல் அந்தக் கூட்டம் மனு போட்டதிலிருந்து 21 முதல் 40 நாளுக்குள் வைக்கப்படும்.

வழக்கு நடக்கும்போது ஏதாவது கேட்கவேண்டும் என்றால் நீதிபதிக்குக் கடிதம் எழுதக் கூடாது. மற்றத் தரப்புக்குத் தெரியாமல் நீதிபதியோடு பேசுவது விதிப்படி தவறு, அந்தக் கடிதத்தின் மேல் எதுவும் நடக்கவும் செய்யாது. நீதிமன்றத்தின் பெயர், மனுதாரர் பெயர், வழக்கு எண், சாப்டர் எண் எல்லாம் மேலே இருக்க, என்ன வேண்டும், எந்தச் சட்டப்படி என்று எழுதி மனுவாகப் போடவேண்டும். யார் யாருக்கு, என்றைக்கு, எந்த வழியில் பிரதி அனுப்பினோம் என்ற சான்று கடைசித் தாளாக இருக்கவேண்டும். பிரதி அனுப்புவதிலும் ஒரு கண்ணி: எதிர்த்தரப்பு காப்பீடு பெற்ற வங்கியாக இருந்தால், சான்றளிக்கப்பட்ட தபாலில் வங்கியின் ஓர் அதிகாரிக்கு என்று முகவரியிட்டு அனுப்பவேண்டும். மாதத் தவணை அனுப்பும் தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்பினால் சேராது. வீட்டின் மேல் இருக்கும் தீர்ப்புப் பற்றை (நீதிமன்றத் தீர்ப்பால் கடன் கொடுத்தவருக்கு வீட்டின் மேல் வந்த உரிமையை) நீக்கக் கேட்ட ஒரு மனு, யாரும் எதிர்க்காமலேயே, இந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளுபடி ஆனதை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்தேன். மறுபடி போட்டு ஜெயித்தோம், இரண்டு மாதம் வீண்.

தவறு செய்துவிட்டால் திருத்தலாம். வழக்கு மூடப்படும் வரை பட்டியல்களை எப்போது வேண்டுமானாலும் திருத்த 1009ஆம் விதி இடம் கொடுக்கிறது. டிரஸ்டிக்கும் பாதிக்கப்படுகிறவருக்கும் தெரியப்படுத்தினால் போதும். பட்டியலில் விட்டுப்போன, கடன் கொடுத்த ஒருவரைச் சேர்க்க 34 டாலர் கட்டணம், வெறும் முகவரி மாற்றத்துக்குக் கட்டணமில்லை. மைத்துனர் வீடு மாறினால் தன் முகவரி மாற்றத்தையும் எழுத்தில் தாக்கல் செய்யவேண்டும், தபால் நிலையத்தில் சொன்னால் போதாது.

கடன் கொடுத்த பக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைமாற்றுக் கொடுத்த நண்பர் திவால் மனு போட்டுவிட்டார் என்று அறிவிப்பு வந்தால், 410ஆம் படிவத்தில் கோரிக்கை போடலாம், கட்டணம் கிடையாது. தானாக முன்வந்து போட்ட சாப்டர் 7, 13 மனுக்களில் பொதுவாக 70 நாள் அவகாசம். மேலே சொன்ன மே 11 உதாரணத்தில் ஜூலை 20. கடன் பத்திரம் இருந்தால் நகலை இணைக்கவேண்டும், மூலத்தை அனுப்பக் கூடாது. சாப்டர் 7 அறிவிப்பில் "பங்கிடச் சொத்தில்லை, இப்போது கோரிக்கை போடவேண்டாம்" என்று இருந்தால் சும்மா இருங்கள். பின்னால் சொத்து கிடைத்தால் புதுத் தேதியோடு அறிவிப்பு வரும்.

இனி, வக்கீல் இல்லாமல் செய்யலாமா என்ற கேள்வி. தனிநபருக்குச் சட்டம் தடை சொல்லவில்லை. அவர் நடத்தும் நிறுவனத்துக்கு என்றால் வக்கீல் கட்டாயம். சம்பள வேலை, வாடகை வீடு, கார்டு கடன் மட்டும் என்றால் பொறுமையான ஒருவர் சாப்டர் 7ஐத் தானே முடித்துவிடலாம். வீடு, சொந்தத் தொழில், வெளிநாட்டுச் சொத்து, உறவினருக்குக் கொடுத்த பணம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன். சாப்டர் 13க்கு எப்போதுமே வேண்டாம். நடுவில், குறைந்த காசுக்குப் படிவம் நிரப்பித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கை. அவர்கள் நீங்கள் சொல்வதைத் தட்டச்சு செய்யலாம், அவ்வளவுதான். எந்தச் சாப்டர், எந்தச் சொத்துக்கு விலக்கு என்று ஆலோசனை சொன்னாலே சட்டமீறல். மனுவோடு சேரும் 119ஆம் படிவத்தில் தங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், வாங்கிய தொகையையும் தனியாகத் தெரிவிக்கவேண்டும். "என் பெயர் எங்கேயும் வரக் கூடாது" என்கிறவரிடம் ஒரு காகிதத்தையும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, கூட்டம் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். இரண்டாவது வகுப்பு ஒன்று இருக்கிறது, பண நிர்வாகம் பற்றியது. மனு போட்ட பிறகுதான் அதை எடுக்கமுடியும். கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் அந்தச் சான்றிதழ் சாப்டர் 7 கோப்பில் ஏறவேண்டும். வகுப்பு நடத்திய நிறுவனமே அனுப்பிவிட்டதா என்று டாக்கெட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். நீதிமன்ற ஆவணங்களை இணையத்தில் பார்க்கும் பேசர் தளத்தில் ஒரு பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். காலாண்டில் 30 டாலர் வரை வந்தால் அதையும் வாங்குவதில்லை. சான்றிதழ் ஏறாவிட்டால் கடன் விடுவிப்பு இல்லாமலேயே வழக்கை மூடிவிடுவார்கள். மறுபடி திறக்கத் தனி மனு, தனிக் கட்டணம்.